விழாமல் நின்ற அடுக்கு

நல்லவேளை தாயி, நீ வந்தாய். இல்லாவிட்டால் அந்த யூனிபாரம்காரன் என் கல்லைக் குப்பைத் தொட்டியில் போட்டிருப்பான். ஒரு கல்லுக்கு எத்தனை கேள்வி! புரட்டிப் பார்க்கிறான், தட்டிப் பார்க்கிறான், அந்தப் பெட்டிக்குள் விட்டுவிட்டுத் திரும்பவும் எடுக்கிறான். நீ இங்கிலீஷில் என்ன சொன்னாய் அவனிடம்? சாமி கல் என்றா? அதுவும் சரிதான். சாமிக்கு வைத்ததில் ஒன்றுதான் இது.

உட்கார். சென்னை விமானத்துக்கு இன்னும் நேரம் கிடக்கிறது என்று நீதானே சொன்னாய். எனக்கு இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் முதுகு பிடிக்கிறது, நின்றால் முழங்கால் பிடிக்கிறது. உன் பேர் என்ன? ஜெபமலரா? எந்த ஊர்? சாயர்புரமா! அட, நான் கோவில்பட்டி. பக்கத்துப் பக்கத்து ஊரில் இருந்துகொண்டு இந்த அரபு நாட்டு ஏர்போர்ட்டில் வந்து முகம் பார்க்கிறோம் பாரேன். என்னை வெள்ளத்தாய் என்பார்கள். அஞ்சாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தீப்பெட்டி ஆபீஸில் கட்டையில் தீக்குச்சி அடுக்கப் போனவள். அதனால் போர்டைப் பார்த்து எந்தக் கேட் என்று சொல்ல எனக்குத் தெரியாது. விமானம் வந்தால் நீ என்னை விட்டுவிட்டுப் போய்விடாதே.

தனியாக ஏன் வந்தேன் என்று கேட்கிறாய். அதைத்தான் தாயி நானும் கேட்கிறேன். பெற்ற மகள் அனுப்பிவிட்டாள். இந்தச் சமயத்தில் எந்த மகளாவது தாயை ஊருக்கு அனுப்புவாளா? புருஷனைச் சாகக்கொடுத்துவிட்டு நிற்கிறவள், அம்மா மடியில் விழுந்து அழவேண்டியவள், “நீ கிளம்பும்மா, நான் பின்னாடி வாரேன்” என்று டிக்கெட் போட்டுக் கையில் கொடுக்கிறாள். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டே சொல்கிறாள்.

ஆமாம், மாப்பிள்ளைதான். பால்வண்ணன் என்று பேர். சங்கரன்கோவில்காரர். நாற்பதுகூட ஆகவில்லை.

அரிசோனா என்று ஒரு தேசம் இருக்கிறதே அமெரிக்காவில், அங்கேதான் அவருக்கு வேலை. மகள் செண்பகவல்லி அவரோடு இருந்தாள். பிள்ளை இல்லை. அது ஒரு பக்கம் இருக்கட்டும், அதற்காக நான் அவளைக் கரிக்கவில்லை. எனக்கு இருந்த ஒரே ஆசை அவர்கள் ஊரோடு வந்துவிட வேண்டும் என்பதுதான். இவள் அப்பா போய்ச் சேர்ந்த பிறகு நான் ஒற்றை ஆள். ராத்திரி ஒரு தும்மல் போட்டால் யார் என்று கேட்க நாதியில்லை. பசுவந்தனை ரோட்டில் நாலு சென்ட் இடம் வாங்கிப் போட்டிருக்கிறேன். அதில் ஒரு வீடு கட்டி மகளும் மாப்பிள்ளையும் வந்து இருந்தால் எனக்கு வேறென்ன வேண்டும்?

போன இடத்தில் தினமும் அதைத்தான் பேசினேன். பேசக்கூடாதா? காரில் போகும்போதுகூடக் கேட்டேன்.

“மாப்பிள்ளை, எப்ப ஊருக்கு வரப்போறீங்க?”

“வருவோம் அத்தை. கொஞ்ச வருஷம் போகட்டும்.”

“வீட்டையாவது கட்டிப் போடலாம்ல?”

“கட்டினா அதுல யாரு அத்தை இருப்பா?”

“ஏன், நான் இல்லையா?”

அவர் சிரித்துவிட்டார். கோபப்படுகிற ஆள் இல்லை. செண்பகாதான் முன் சீட்டிலிருந்து திரும்பி, “அம்மா, இன்னைக்கு ஒரு நாளாவது அந்த வீட்டை இறக்கி வையேன்” என்றாள். என்னமோ நான் தலையில் தூக்கிக்கொண்டு அலைகிற மாதிரி.

அன்றைக்குத்தான் அந்தப் பாலைவனத்துக்குக் கூட்டிப் போனார்கள். பாலைவனம் என்றால் நான் மணலாக இருக்கும் என்று நினைத்தேன், நம் தேரிக்காடு மாதிரி. அது எல்லாம் பாறை. சிவப்புப் பாறை. அதுக்குள்ளே நடந்து போனால் கடைசியில் கல்லே வளைந்து வாசல் மாதிரி நிற்குமாம். யாரும் கட்டினது இல்லையாம், காற்று குடைந்ததாம். அதை எனக்குக் காட்ட வேண்டும் என்று மாப்பிள்ளைக்கு ஒரே ஆசை. இவ்வளவு தூரம் வந்து அதைப் பார்க்காமல் போகலாமா அத்தை, பார்க்காமல் போகலாமா அத்தை என்று நான் போய் இறங்கினதிலிருந்து ஒரே பாட்டு.

எனக்கு ஷூ வாங்கிக் கொடுத்தார்கள், சுடிதார் மாட்டிவிட்டார்கள். இந்த வயசில் சுடிதார்! பாம்பு இருக்குமா என்று கேட்டேன். இருக்கும், நீங்க வாரது தெரிஞ்சா ஓடிரும் என்றார் மாப்பிள்ளை. புளியோதரை கட்டிக்கொண்டேன். எவ்வளவு தண்ணீர் எடுத்தாலும் போதாது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. நான் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு பெரிய போர்டு. நிறைய எழுதி, கல் மேல் கல் வைத்த மாதிரி ஒரு படமும் அம்புக்குறியும் போட்டிருந்தது. மாப்பிள்ளை அதன் முன்னால் நின்று ஒரு வரி விடாமல் வாசித்தார். வெயில் ஏறுகிறது, வாங்க என்று நான் கத்துகிறேன். “இருங்க அத்தை, இதுல சொன்னபடிதான் போகணும்” என்கிறார். அவர் எதிலும் அப்படித்தான். மருந்துச் சீட்டில் சாப்பாட்டுக்குப் பின் என்று போட்டிருந்தால் சாப்பிட்டுவிட்டுத்தான் மாத்திரை போடுவார். ரோட்டில் ஆளே இருக்காது, சிவப்பு விளக்கு என்றால் வண்டி நிற்கும். சொன்னதைக் கேட்கிற மனுஷன். என் ஒருத்தி பேச்சைத்தான் கேட்கவில்லை.

முதலில் கொஞ்ச தூரம் மணல் பாதை. அதற்கப்புறம் பாதையே கிடையாது தாயி. வெறும் பாறை. முதுகு முதுகாக ஏறுகிறது, இறங்குகிறது. கால் தடம்கூட விழாது. எனக்கு மூச்சு வாங்கினது. மாப்பிள்ளை பின்னாலேயே வந்து, “சதுரகிரிக்கு வெறுங்காலோட ஏறின ஆளு நீங்க, இதெல்லாம் உங்களுக்கு ஜுஜுபி அத்தை” என்று தட்டிக்கொடுத்துக்கொண்டே வந்தார். சிரமம் தெரியாமல் இருக்கப் பாறைக்கெல்லாம் பேர் வைத்தோம். “அந்தா பாருங்க, இட்லிக் கொப்பரை” என்றார். எனக்கு அது குந்தியிருக்கிற யானையாகத் தெரிந்தது. ஒன்று கோபுரம். ஒன்று இடுப்பில் கை வைத்து நிற்கிற பொம்பளை. “அது நீங்கதான் அத்தை, வீடு கேட்டு நிக்கீங்க” என்றார். செண்பகா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாள். நானும் சிரித்தேன். சிரித்தோம் தாயி, எல்லோருமே சிரித்தோம்.

அந்த வழியில்தான் பார்த்தேன். அங்கங்கே கல்லை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. நம் சதுரகிரி ஏறுகிற வழியில் பார்த்ததில்லையா நீ? நீங்கள் வேறு கோவில்காரர்கள், பார்த்திருக்க மாட்டாய். சொந்த வீடு வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கல் அடுக்குவார்கள். அடுக்கினது விழாமல் நின்றால் வீடு அமையும். இத்தனை கடல் தாண்டி வெள்ளைக்காரனும் அதையே செய்கிறானே, எல்லா மனுஷனுக்கும் ஒரே ஏக்கம்தானே என்று நினைத்தேன். என்ன ஏது என்று இவர்களிடம் நான் கேட்கவில்லை. எத்தனை அடுக்கியிருக்கிறேன், எனக்குத் தெரியாததா?

பாதிக்கு மேல் போனதும் முழங்கால் நின்றுவிட்டது. ஒரு பாறை கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நிழலில் உட்கார்ந்துவிட்டேன். செண்பகாவுக்கும் வெயிலில் தலைவலி. மாப்பிள்ளை மட்டும், “இன்னும் கொஞ்சம்தான். நான் ஒரு எட்டுப் போய் அத்தைக்குப் போட்டோ எடுத்துட்டு வந்திருதேன்” என்றார். எனக்காகத்தான் போனார். போகும்போது எங்களுக்குத் தண்ணீரை வைத்துவிட்டு ஒரே ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டார். புளியோதரையில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றேன். வந்து சாப்பிடுகிறேன் என்றார். அது அப்படியே கெட்டுப்போனது.

செண்பகா துப்பட்டாவை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஒதுங்கப் போகலாம் என்று எழுந்து, மாப்பிள்ளை போன பக்கமாகக் கொஞ்சம் மேலே நடந்தேன். அங்கே வழி ஒரு முனையில் திரும்புகிறது. அந்த முனையில் யாரோ அரைகுறையாக ஒரு அடுக்கு அடுக்கிப் போட்டிருந்தார்கள். பாதி சரிந்து கிடந்தது. வேண்டிக்கொண்டவருக்குப் பொறுமை இல்லை போலிருக்கிறது. நல்ல நல்ல தட்டைக் கல். எனக்கு மனசு கேட்கவில்லை. அதையெல்லாம் எடுத்தேன். இந்தப் பக்கம் கிழக்கே, நம் ஊர் இருக்கிற திசையில், பாறை சமமாக அகலமாக இருந்தது. அங்கே கொண்டுபோய் அடுக்கினேன்.

முதல் அடுக்கு வீட்டுக்கு. அப்புறம் மகளுக்கு ஒன்று, அதைத் தாண்டி மாப்பிள்ளைக்கு ஒன்று. வரிசையாக, சாமி கண்ணில் படுகிற மாதிரி என் இடுப்பு உயரத்துக்கு. மற்றவர்கள் வைத்ததெல்லாம் முழங்கால் உயரம்தான். என் கை தீப்பெட்டி ஆபீஸில் பழகின கை தாயி, நான் அடுக்கினால் அசையாது. அந்தப் பக்கம் பாறை சரிவாக இறங்கிப் போனது. அதுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று நான் எட்டிப் பார்க்கவில்லை, எனக்கெதற்கு? மூன்றையும் தொட்டுக் கும்பிட்டு, என் பிள்ளைகளைச் சீக்கிரம் ஊர் கொண்டுவந்து சேர்த்துவிடு என்று கேட்டேன். மிஞ்சின ஒரு கல்லை எடுத்துச் சுடிதார் பையில் போட்டுக்கொண்டேன். வீடு கட்டும்போது அஸ்திவாரத்தில் போட. அதுதான் இந்தக் கல்.

வந்து செண்பகா பக்கத்தில் படுத்தேன். மனசு அவ்வளவு லேசாக இருந்தது.

அவர் வரவில்லை தாயி.

வெயில் சாய்ந்தது. இவள் எழுந்து அந்த முனை வரைக்கும் ஓடி ஓடிக் கத்தினாள். காற்று அப்படி அடிக்கிறது, நாம் கத்துவது நமக்கே கேட்கவில்லை. போனில் டவர் இல்லை. வயசான வெள்ளைக்காரப் புருஷன் பெண்சாதி இரண்டு பேர் வந்தார்கள், அவர்கள்தான் இறங்கிப் போய் ஆள் அனுப்பினார்கள். தேடுகிறவர்கள் வந்து எங்களைக் கீழே கொண்டுவந்து விட்டார்கள். இவள் வரமாட்டேன் என்று பாறையைப் பிடித்துக்கொண்டாள். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து இழுத்துவந்தேன்.

காரிலேயே விடிந்தது. இவள் அந்தப் போர்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான், “பயப்படாத, மேல மூணு கல்லும் நிக்குது, அவருக்கு ஒண்ணும் ஆகாது” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் காதில் விழவே இல்லை.

காலையில் ஒரு பொம்பளை ஆபீசர் இறங்கி வந்தாள். பெரிய தொப்பி, பின்னல் போட்ட மஞ்சள் முடி. நல்ல பொம்பளைதான், குறை சொல்லக்கூடாது, எனக்குக் குடிக்கச் சூடாகக் கொடுத்தாள். இவளிடம் இங்கிலீஷில் மெதுவாக ஏதோ சொல்லிப் போனில் ஒரு படம் காட்டினாள். நானும் எட்டிப் பார்த்தேன். பார்த்தால் என் கல்! மூன்றும் அப்படியே நிற்கிறது! ராத்திரி முழுக்க அந்தக் காற்றிலும் ஒரு கல் நகரவில்லை. எனக்கு உயிர் வந்துவிட்டது.

“ஏட்டி செண்பகா, அது நான் வச்சதுட்டி!”

“எதும்மா?”

“அந்த மூணும்தான். நீ படுத்திருக்கும்போது போய் வச்சேன். வீட்டுக்கு வேண்டிக்கிட்டு.”

“நாம உக்காரும்போது அந்த முனையில ஒண்ணு தெரிஞ்சுச்சேம்மா.”

“அதை எடுத்துத்தான் வச்சேன். அது சரிஞ்சு கெடந்துச்சு, யாருக்கும் உபயோகமில்லாம.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நின்றவள் உட்கார்ந்த மாதிரி இல்லை, தூக்கிவைத்த மூட்டை சரிகிற மாதிரி. அந்த ஆபீசர் குனிந்து, என்னைக் காட்டி, அவளிடம் ஏதோ கேட்டாள். உன் அம்மா என்ன சொல்கிறாள் என்று கேட்டிருப்பாள். செண்பகா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்படி ஒரு பார்வை. அப்புறம் “நோ” என்றாள். அது எனக்குப் புரியும். நோ, நோ என்று இரண்டு தடவை சொல்லி இங்கிலீஷில் ஏதோ சேர்த்துச் சொன்னாள். என்னை ஏன் மறைக்கிறாள்? அம்மா செய்தது என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

அதுவாவது போகட்டும். அந்த ஆபீசர் அடுத்த படத்தைத் தள்ளினாள். என் கல் மூன்றையும் இடித்துச் சிதறப் போட்டிருக்கிறார்கள்! மனசு பதறிப்போனது தாயி. சாமிக்கு வைத்ததை இடிக்கலாமா? அவர்கள் வைத்ததையெல்லாம் விட்டுவிட்டு நான் வைத்ததை மட்டும் இடித்திருக்கிறார்கள். அவர்கள் அதை இடித்துவிட்டு அந்தச் சரிவில் இறங்கிப் போன பிறகுதான் சேதி வந்தது. கீழே ஒரு பள்ளத்தில் கிடந்தார் என்று. காய்ந்த அருவி மாதிரி ஒரு இடம், வழுக்கி விழுந்திருக்கிறார் என்று. தோளில் மாட்டின கேமரா அப்படியே இருந்ததாம், அதில் அந்தக் கல் வாசல் போட்டோவும் இருந்ததாம்.

நீயே சொல். கல் நின்ற மட்டும் அவர் உயிரோடுதான் கிடந்திருப்பார். இடித்தார்கள், போய்விட்டார். நான் இதைச் சொன்னால் செண்பகா காதைப் பொத்திக்கொள்கிறாள். இத்தனை தூரம் வாசித்து வாசித்து நடக்கிற மனுஷன் வழியை விட்டு அந்தப் பக்கம் ஏன் போனார்? என்ன இருக்கிறது என்று அங்கே இறங்கினார்? இதைக் கேட்டாலும் அப்படித்தான். எழுந்து பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்கிறாள்.

எரித்தது எல்லாம் அங்கேயே. அவர் அம்மா அப்பாவுக்குப் போனில் காட்டினார்கள். அந்தச் சம்பந்தியம்மாள் போனைப் பிடித்துக்கொண்டு, “எம் பிள்ளை எப்படி வழி மாறினான், எப்படி மாறினான்” என்று கதறினாள். செண்பகா, “தெரியல அத்தை, யாருக்கும் தெரியல” என்று சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அன்றையிலிருந்து என்னிடம் பேச்சு இல்லை. சோறு போட்டால் சாப்பிடுவாள். தலை வாரப் போனால் நகர்ந்துவிடுவாள். ஒரு தடவை என் கையைப் பிடித்துக்கொண்டு விரல் விரலாகப் பார்த்தாள். என்னட்டி என்றேன். ஒன்றுமில்லை என்று கையை என் மடியில் திருப்பி வைத்துவிட்டாள், கடன் வாங்கின பாத்திரத்தைத் திருப்பி வைப்பதுபோல.

பெட்டி கட்டும்போது இந்தக் கல்லைப் பார்த்துவிட்டாள். “இதும் அங்கிருந்து எடுத்ததா?” என்றாள். ஆமாம், வீட்டு அஸ்திவாரத்துக்கு என்றேன். கையில் எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். தூக்கி எறியப்போகிறாள் என்று எனக்குப் பயம். எறியவில்லை. ஒரு துண்டில் சுற்றி இந்தப் பைக்குள் அவளே வைத்தாள். வைத்துவிட்டுச் சொன்னாள்: “அம்மா, கல் அடுக்கினதை யார்கிட்டயும் சொல்லாத. அவங்க அம்மாகிட்ட சொல்லவே சொல்லாத. வேண்டுதலை வெளிய சொன்னா பலிக்காதுன்னு நீதான சொல்லுவ.” அந்த மட்டும் அவளுக்கு என் சாமி மேல் நம்பிக்கை வந்ததே என்று இருந்தது. நீ வழியில் பார்த்த பிள்ளை, உன்னிடம் சொன்னால் ஒன்றும் ஆகாது.

ஒன்று சொல்லவா? அவள் ஊரோடு வருகிறாள். அவர் வேலையை வைத்துத்தான் அவளுக்கு அங்கே இருக்க விட்டிருந்தார்களாம். இனி இருக்க முடியாதாம். வீட்டைக் காலி செய்துவிட்டு, அஸ்தியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். நான் கேட்டது அதுதானே? என் பிள்ளைகளை ஊர் கொண்டுவந்து சேர் என்றுதானே கேட்டேன்? சாமி இரண்டு பேரையும்தான் சேர்க்கிறது. ஒருத்தி நடந்து வருகிறாள். ஒருத்தர் ஒரு சின்னச் சொம்புக்குள் வருகிறார். இப்படியா கேட்டேன் தாயி, நான் இப்படியா கேட்டேன்?

இரு, கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன். நீ ஏன் அழுகிறாய்? அழாதே. நீயாவது அழுகிறாயே. அவள் அழவே இல்லை.

எனக்கு ஒரு உபகாரம் செய். உன் போனில் அவளைக் கூப்பிட்டுக் கொடு. என் போன் இங்கே வேலை செய்யவில்லை. நம்பர் இந்தச் சீட்டில் இருக்கிறது. நான் பேசினால் வைத்துவிடுவாள். நீ பேசு. படித்த பிள்ளை, அவள் பாஷையில் பேசுவாய். அம்மா பத்திரமாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு ஒன்றே ஒன்று கேள். அம்மா மேல் என்ன கோபம் என்று கேள். கேட்பாயா? மணி அடிக்கிறதா? எடுத்துவிட்டாளா? பேசு, பேசு.

ஏன் எழுந்து அந்தப் பக்கம் போகிறாய்?

வந்துவிட்டாயா? என்ன இவ்வளவு நேரம்? எனக்குக் காது நல்லாக் கேட்கும். “சொன்னாங்கக்கா, எல்லாம் சொன்னாங்க” என்றாய். அப்புறம் “இல்லக்கா, நான் சொல்ல மாட்டேன், சத்தியமா சொல்ல மாட்டேன்” என்றாய். எதைச் சொல்ல மாட்டாய்? என்ன கேட்டாள் அவள்?

சாப்பிட்டேனா என்று கேட்டாளா?

அவளாகவா கேட்டாள்? நீ கேட்கச் சொல்லவில்லையே? அம்மா சாப்பிட்டாளா என்று அவள் வாயால் கேட்டாளா?

அப்படியானால் கோபம் இல்லை. கோபம் இருந்தால் கேட்பாளா? நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பதைத்தானே சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தாய்? நல்லது, சொல்லாதே. பாவம், அதற்கும் கவலைப்படுவாள். வா, அந்தக் கடையில் ஏதாவது வாங்கிக் கொடு, சாப்பிடுகிறேன். அடுத்த தடவை அவள் கேட்டால் அம்மா சாப்பிட்டாள் என்று உண்மையாகவே சொல்லலாம்.

நான் எழுந்திருக்கிற வரைக்கும் இந்தக் கல்லைக் கொஞ்சம் பிடி. கீழே வைத்துவிடாதே, அஸ்திவாரத்துக்கு உள்ளது. இரண்டு கையாலும் பிடி தாயி. ஏன் கையை இழுத்துக்கொள்கிறாய்? சின்னக் கல்தானே.